பைப் செய்யப் பழகுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

புகையிலை புகைக்கும் மர பைப்பை முதல்முறையாகச் செய்ய உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலானோர் புகையிலை வைக்கும் கிண்ணத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் வாயில் வைக்கும்போது உங்கள் வேலையைக் காட்டிக்கொடுப்பது ஸ்டெம் என்ற வாய்க்குழாய்தான், அதனால் அதற்கே அதிக இடம்.

அண்ணா, வீட்டில் பழைய மேசையின் கால் ஒன்று கிடக்கிறது. அதில் செய்யலாமா?

வேண்டாம். அதில் என்ன வார்னிஷ் ஏறியிருக்கிறது, என்ன பூச்சி மருந்து அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, சூடானால் அத்தனையும் புகையோடு உள்ளே போகும். பிரையர் வாங்குங்கள். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேரும் தண்டும் சேரும் இடத்தில் திரளும் கட்டி அது. வெட்டிய கட்டையைப் பல மணி நேரம் நீரில் வேகவைத்து, பிறகு மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்தித்தான் விற்கிறார்கள். எளிதில் கருகாது, ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆலிவ், செர்ரி மரங்களிலும் செய்கிறார்கள். ரோஸ்வுட் வகைகள் வேண்டாம், அவற்றின் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் தொல்லை தரும்.

துளை போட்டு ஸ்டெம் பொருத்திய கட்டையாகவே கிடைக்கிறது. அதில் தொடங்குவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நானே துளை போட ஆசை. அளவு என்ன, எது முதலில்?

கிண்ணக் குழி 19 அல்லது 20 மி.மீ. அகலம், 35 முதல் 40 மி.மீ. ஆழம். புகை வரும் துளை 4 மி.மீ. ஸ்டெம்மின் முளை, அதாவது டெனான், உட்காரும் துளை 8 மி.மீ. இவை வழக்கமான அளவுகள், சட்டம் இல்லை.

முதலில் கட்டையின் பக்கவாட்டில் எல்லாத் துளைகளையும் பென்சிலால் வரைந்து பாருங்கள். புகைத் துளை குழியின் அடிமட்டத்தில், சரியாக நடுவில் வந்து சேர வேண்டும். மேலே ஏறிவிட்டால் அடியில் ஈரப் புகையிலை எரியாமல் தங்கும், கீழே இறங்கிவிட்டால் அடிமரம் மெலியும். டெனான் துளையையும் புகைத் துளையையும் கட்டையை, அதை இறுக்கிப் பிடிக்கும் வைஸிலிருந்து எடுக்காமல் ஒரே பிடியில் போடுங்கள், அப்போதுதான் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். குழியைச் சுற்றி 6 மி.மீ. சுவராவது மிஞ்சட்டும்.

ஸ்டெம்மைச் செருகினால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது.

இரண்டு காரணங்கள். கட்டையில் ஸ்டெம் செருகும் பகுதியான தண்டின் முகம் துளைக்குச் செங்குத்தாக இல்லை, அல்லது டெனானின் அடியில் உள்ள சின்ன வளைவு துளையின் விளிம்பில் முட்டுகிறது. இரண்டாவது என்றால் விளிம்பை ஒரு மயிரிழை சாய்வாகச் சீவினால் போதும். அதற்குப் பிறகு ஒன்றை மறக்காதீர்கள்: அந்தச் சந்திப்பைத் தேய்க்கும்போது ஸ்டெம்மைக் கழற்றவே கூடாது. தனித்தனியாக உப்புத்தாள் போட்டால் இரண்டின் ஓரமும் உருண்டுபோய், எவ்வளவு மெருகேற்றினாலும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். டெனான் இறுக்கமாக இருந்தால் உடனே அரத்தை எடுக்காமல் பென்சில் முனையை அதன்மேல் தேய்த்துப் பாருங்கள்.

ஸ்டெம்முக்கு எபோனைட்டா, அக்ரிலிக்கா சார்?

எபோனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர் அது, அரத்துக்கு நன்றாகப் பணியும், பல்லுக்கும் இதம். வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், அது ஒன்றுதான் குறை. அக்ரிலிக் நிறம் மாறாது, ஆனால் பல்லுக்குக் கடினம், வேகமாகத் தேய்த்தால் சூடேறி இளகும். எதுவானாலும் முகக்கவசம் போடுங்கள். எபோனைட் தூளின் கந்தக நாற்றமே உங்களைப் போட வைத்துவிடும்.

என் ஸ்டெம்மின் வாய்ப்பக்கம் தடியாகவே இருக்கிறது. இன்னும் தேய்த்தால் துளை விழுந்துவிடுமோ என்று பயம்.

பயம் நியாயம்தான், முடிவில் அந்த இடம் சுமார் 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், அதற்குள் 4 மி.மீ. துளை எப்படி அடங்கும்? அதனால் டெனான் பக்கமிருந்து 4 மி.மீ. துளையை வாய் முனைக்கு இரண்டு செ.மீ. முன்பே நிறுத்திவிட்டு, மீதியை 2 மி.மீ. துளையாகக் கொண்டுபோங்கள். பிறகு வாய் முனையில் துளையைப் பக்கவாட்டில் மட்டும் விசிறி மாதிரி விரியுங்கள், மேலும் கீழும் வேண்டாம். மெல்லிய ரம்பமும் ஊசி அரமும் போதும். காற்று சீறாமல் வருவதும், பைப் துடைக்கும் கம்பி தடையில்லாமல் போவதும் இந்த விரிவைப் பொறுத்தது.

வெளியே, பல் பிடிக்கும் மேட்டின் கோட்டை முதலில் அரத்தால் வெட்டுங்கள், பிறகு அங்கிருந்து சரிவை இறக்குங்கள். மேலே நாலு இழுப்பு என்றால் கீழேயும் நாலு. அடிக்கடி தடிமன் அளக்கும் காலிப்பரை வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். உப்புத்தாள் 220, 400, 600, 1000 என்று போகட்டும், 220 விட்ட கீறலை 1000 ஒருநாளும் எடுக்காது.

வளைக்கும்போது துளை நசுங்கிவிட்டது.

உள்ளே கம்பி வைக்காமல் வளைத்திருப்பீர்கள். கம்பியை நுழைத்து, சுற்றிச் சுற்றிச் சீராகச் சூடேற்றுங்கள், தானாகத் தொய்ந்த பிறகு வளைத்துக் குளிர்ந்த நீரில் பிடியுங்கள். எபோனைட் என்றால் மறுபடி சூடாக்கினால் பழைய நேர்நிலைக்கே திரும்பப் பார்க்கும், இன்னொரு தடவை முயலலாம்.

அழகாகச் செதுக்கிக்கொண்டே வந்தேன், திடீரென்று மரத்தில் ஓட்டை!

பிரையரில் அது சகஜம். சிறியதென்றால் தேய்த்து எடுங்கள், இல்லையென்றால் வெளிப்புறம் முழுவதையும் கொத்திச் சொரசொரப்பாக்கிவிடுங்கள். ஓட்டை குழிவரை போகிறதென்றால் கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடைசியில் வார்னிஷ் அடிக்கலாமா?

கூடாது, சூட்டில் கொப்புளிக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயம், அதன்மேல் கார்னாபா என்ற பனை மெழுகை, மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் ஏற்றுங்கள். குழிக்குள் சாயம் படக்கூடாது.

லேத் இல்லை, நான் புகைப்பதும் இல்லை. எனக்கு இது சரிவருமா?

புகைக்காதது நல்லதுதான், அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடாதீர்கள். காற்றோட்டத்தைச் சோதிக்கக் காலி பைப்பை இழுத்துப் பார்த்தாலே தெரியும். லேத்துக்குப் பதில் நான் சொன்ன துளை போட்ட கட்டை, ஒரு வைஸ், இரண்டு அரம், உப்புத்தாள். வைஸின் தாடையில் தோல் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்டெம்மில் பல் பதியும்.