மலையில் மாட்டிக்கொண்டால் எப்போது கூப்பிடுவது?

அண்ணாச்சி, மலை நம்பி கோயிலிலிருந்து இறங்கும்போது அத்தானுக்குக் கால் பிசகிவிட்டது. "யாரையும் கூப்பிட வேண்டாம், மெதுவா இறங்கிருவோம்" என்றார். திருக்குறுங்குடி வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. செய்தது சரியா?

தப்பித்தீர்கள், அவ்வளவுதான். கால் பிசகினால் நான் முதலில் பார்ப்பது மணியைத்தான். ஒரு மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருட்டிவிடும் என்றால் அப்போதே கூப்பிட வேண்டும். நம்முடையது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. ஊரில் வெயில் அடிக்கும்போதே காட்டுக்குள் மங்கிவிடும். யானையும் கரடியும் இறங்கும் நேரமும் அதுதான். தூக்க வருகிறவர்களுக்கும் வெளிச்சம் வேண்டாமா? நாலு மணிக்குச் சந்தேகம் வந்தால் நாலு மணிக்கே கூப்பிடுங்கள். அப்புறம் தேவைப்படாமல் போனால் போன் பண்ணிச் சொல்லிவிடலாம். நாலு வசவு விழுந்தால் விழட்டும்.

அவசர உதவி எண் 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் போகும். அதுவும் இல்லையென்றால் சமவெளி தெரிகிற மேட்டுக்கு ஒருவர் போய்ப் பார்க்கட்டும், அடிபட்டவரோடு ஒருவர் இருக்கட்டும். பேச முடியாத இடத்திலும் சில சமயம் எஸ்.எம்.எஸ். போய்விடும்.

பாம்பு கடித்தால், எந்தப் பாம்பு என்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாமா?

கடித்த நிமிடமே கூப்பிடுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. நடக்க விடாமல் தூக்கி வாருங்கள்.

அனுமதி இல்லாமல் களக்காடு காட்டுக்குள் போய் வழி தவறிவிட்டோம். ஃபைனுக்குப் பயந்து யாரையும் கூப்பிடவில்லை. ஓடையைப் பிடித்து இறங்கிவிடலாம் என்று நினைத்தோம்.

ஃபைன் போடத்தான் செய்வார்கள், புலிகள் காப்பகம் அல்லவா! இருந்தாலும் கூப்பிட்டிருக்க வேண்டும். ஓடை ஊருக்குத்தான் போகும், சரி. ஆனால் நம் மலையில் வழியில் அருவியாக விழுந்துவிட்டுத்தான் போகும். வழி தவறியது தெரிந்ததும் நின்ற இடத்திலேயே நின்று, மூன்று மூன்றாக விசில் அடியுங்கள்.

ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறி, அக்கரையில் மாட்டிக்கொண்டால்?

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெள்ளம் வந்த வேகத்தைப் பார்த்தோமே. முழங்கால் ஆழம்தானே என்று இறங்காதீர்கள். மேட்டில் ஏறிக் கூப்பிட்டுவிட்டு உட்காருங்கள். மேலே மழை விட்டால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.