மேடையில் இடம் வேண்டுமானால் அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் சமையல் மேடையின் நீளம் 8 அடி. அடுப்பும் தொட்டியும் போக மிஞ்சும் இடத்தை மிக்ஸி, தண்ணீர் வடிகட்டி, டப்பாக்கள், பாத்திரம் வடியவைக்கும் கூடை ஆகியவை அடைத்துக்கொள்கின்றன. வெட்டுப்பலகை வைக்கக்கூட இடமில்லை. ஒழுங்குபடுத்தினாலும் மூன்றே நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் முக்கியமானது. மூன்று நாளில் மேடை மீண்டும் நிரம்புகிறது என்றால், குறை உங்கள் பழக்கத்தில் இல்லை. அன்றாடம் கையாளும் பொருள்களுக்கு அலமாரிக்குள் இடமில்லை என்றே பொருள். எப்போதாவது எடுப்பவை கைக்கு எட்டும் தட்டுகளில் உட்கார்ந்திருப்பதால், தினமும் எடுப்பவை மேடைக்கு வந்து சேர்கின்றன. எனவே மேடையை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள தட்டுகளை முதலில் காலி செய்யுங்கள். உடலுக்குச் சிரமம் தராத உயரம் அதுதான். ஒரு சமையலறையில் அதைவிட மதிப்புள்ள இடம் வேறில்லை.

வெளியே எடுத்தவற்றில் மூடி தொலைந்த டப்பாக்கள், விரிசல் விட்டவை, ஒரே வேலையைச் செய்யும் இரண்டாவது, மூன்றாவது கருவிகள் ஆகியவற்றைத் தயங்காமல் விலக்கலாம். மனம் ஒப்பாதவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் இட்டு, மேலே தேதி எழுதி, வேறு அறையில் வைத்துவிடுங்கள். 3 மாதம் கழித்தும் அந்தப் பெட்டிக்குள் கிடப்பவை உங்கள் சமையலுக்குத் தேவைப்படாதவை. ஆண்டுக்கு ஓரிரு முறை எடுக்கும் பெரிய பாத்திரங்களுக்குப் பரணே போதும்; ஆனால் தலைக்கு மேலே கனமான எதையும் ஏற்றாதீர்கள், அவை தரையை ஒட்டிய தட்டில் இருப்பதே பாதுகாப்பு.

காலியான தட்டுகளில் பொருள்களை மீண்டும் வைக்கும்போது நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: எடுப்பதைவிடத் திரும்ப வைப்பது எளிதாக இருக்க வேண்டும். தேவை இருப்பதால் எவ்வளவு சிரமப்பட்டும் எடுத்துவிடுவோம். வேலை முடிந்து களைத்த பின், நான்கு பாத்திரங்களைத் தூக்கி அவற்றின் அடியில் ஒன்றைச் செருக யாருக்கும் பொறுமை இருக்காது, அது மேடையிலேயே தங்கிவிடும். ஆகவே அன்றாடப் பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், சாப்பாட்டுத் தட்டுகளையும் மூடிகளையும் புத்தகங்களைப் போல நிமிர்த்தி வையுங்கள். மேடைக்குக் கீழே உள்ள அலமாரி ஏறக்குறைய 55 செ.மீ. ஆழமுள்ளது, பின்வரிசையில் போனவை கண்ணில் படுவதே இல்லை. ஆழமான தட்டங்களில் அடுக்கிவிட்டால், தட்டத்தோடு வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

இனி மேடைக்கு வருவோம். சமையல் ஆயத்த வேலைக்குத் தொட்டியை ஒட்டி 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் கொண்ட தடையற்ற பரப்பு வேண்டும் என்பது சமையலறை வடிவமைப்பாளர்கள் கொள்ளும் அளவு. உங்கள் 8 அடி என்பது சுமார் 244 செ.மீ.; அடுப்பும் தொட்டியும் 135 செ.மீ. வரை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 110 செ.மீ. மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் அது ஒரே துண்டாக அமைந்திருந்தால் இந்த அளவு உங்களுக்கும் கிடைக்கும். பிரிந்திருந்தால், பெரிய துண்டை மட்டுமாவது முழுவதும் காலியாக வைத்திருங்கள்.

மிக்ஸியைத் தினமும் ஓட்டுபவர் என்றால் அது மேடையின் ஓரத்தில், தொட்டியின் ஈரம் படாத மின்செருகியின் அருகே நிற்கட்டும். அதைக் கீழே ஒளித்து வைத்துத் தினமும் குனிந்து தூக்கச் சொல்ல மாட்டேன். வடிகட்டியைச் சுவரில் மாட்டும் வசதி இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். எண்ணெய்ப் புட்டியையும் மசாலா டப்பாக்களையும் அடுப்பை ஒட்டி வைப்பது வசதியாகத் தோன்றினாலும், வெப்பத்தில் எண்ணெய் விரைவில் சிக்கடிக்கும், பொடிகள் மணம் இழக்கும். காலியான தட்டில் அவற்றுக்கு முதல் இடம் கொடுங்கள். பாத்திரக் கூடைக்குப் பதிலாகத் தொட்டியின் மேலேயே விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டிவிடும் கம்பித் தட்டி பயன்படும்.

புதிய டப்பாக்களையும் தாங்கிகளையும் இப்போது வாங்க வேண்டாம். இரண்டு வாரம் இந்த அமைப்பில் சமைத்துப் பாருங்கள். எந்தப் பொருள் மீண்டும் மீண்டும் மேடைக்கே வருகிறது என்று கவனித்து, அதற்குரிய தட்டின் அகலத்தையும் ஆழத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்ட பிறகு கடைக்குச் செல்லுங்கள்.