பாளையங்கோட்டை மாடி வீட்டுக்கு எந்தச் சிறிய நாய் ஏற்றது?

மாடி வீடு, இருவரும் வேலைக்குப் போகிறோம், அதிகம் மெனக்கெட வைக்காத சிறிய நாய் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு மினியேச்சர் பின்ஷருக்கு. நாலைந்து கிலோதான், குட்டை முடி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். குரைப்பு மட்டும் உடம்புக்குச் சற்றும் பொருந்தாது!

சப்பை மூக்குள்ள பக் நாய் வேண்டவே வேண்டாம். நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கின்றன. சப்பை மூக்கு நாய்க்கோ மூச்சுப்பாதையே குறுகல். நம் ஊர் சித்திரை வெயிலில் சற்று ஓடினாலே நாக்கு நீலம் பாரித்து, நாயே சுருண்டு விழக்கூடும். ஷிட்சுவுக்குத் தினமும் முடி சீவ வேண்டும். டேஷண்ட் அருமையான நாய்தான், ஆனால் நீண்ட முதுகு. மாடிப்படி ஏறி இறங்கினால் முதுகெலும்பு வட்டு நழுவும் அபாயம் உண்டு.

பகல் முழுக்க வீடு பூட்டியிருக்கும் என்றால் குட்டியாக வாங்காதீர்கள், வளர்ந்த நாயாகத் தேடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி பற்றி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.