சப்பென்று, சவசவ, நமுத்துப்போன: எது எங்கே பொருந்தும்?

கேள்வி: சாப்பாடோ, பேச்சோ, படமோ, நன்றாக இல்லை என்றால் ‘போர்’, ‘சுமார்’ தவிர வேறு சொல் வருவதில்லை. தமிழில் வேறு என்ன சொற்கள் உண்டு?

நிறையவே உண்டு. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு குறையைச் சொல்கிறது. எனவே, முதலில் எது குறைகிறது என்று பாருங்கள்.

உப்போ காரமோ எட்டவில்லை என்றால் ‘சப்பென்று இருக்கிறது’. இதே சொல்லை ‘முடிந்தது’, ‘ஆகிவிட்டது’ என்பவற்றோடு சேர்த்தால் ஏமாற்றமும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘கிளைமாக்ஸ் சப்பென்று முடிந்தது’ என்றால் பெரிதாக எதிர்பார்த்திருந்தோம் என்று பொருள். எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் அது பொருந்தாது. அங்கே ‘சவசவ’ சரி. படம் சவசவவென்று போகிறது என்றால் எந்த இடத்திலும் விறுவிறுப்பு இல்லாமல் இழுக்கிறது என்று அர்த்தம்.

‘உப்புச்சப்பு’ எதிர்மறையில் மட்டுமே உயிர்வாழும் சொல். உப்புச்சப்பில்லாத பேச்சு, உப்புச்சப்பில்லாத காரணம் என்போம். ‘உப்புச்சப்புள்ள பேச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. இதை ‘உப்புப் பெறாத’ என்பதோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உப்புப் பெறாத விஷயம் என்றால் மதிப்பே இல்லாத அற்ப விஷயம். அங்கே பேச்சு சுவையைப் பற்றியது அல்ல, பெறுமானத்தைப் பற்றியது.

எனக்கு மிகவும் பிடித்தவை ‘போன’ என்று முடியும் சொற்கள். ஒரு காலத்தில் நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்ற முழுக்கதையையும் அவை ஒரே சொல்லில் சொல்லிவிடும். மொறுமொறுப்பு ஈரத்தால் கெட்டால் நமுத்துப்போனது. அளவுக்கு மேல் நீர் சேர்ந்து வீரியம் குறைந்தால் நீர்த்துப்போனது. சட்டத்துக்கும் கோரிக்கைக்கும் இதுதான் சரியான சொல். திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்த நகைச்சுவை புளித்துப்போனது. முதல் தடவையே சிரிப்பு வராத நகைச்சுவையை அப்படிச் சொல்லக் கூடாது, அது வெறும் ‘மொக்கை’. மொக்கை என்றால் முனை மழுங்கியது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில் என்பதிலிருந்து பேச்சுக்கு வந்தால் ‘குத்தவே இல்லை’ என்ற பொருள் தானாக வந்துவிடும். ‘அறுவை’ இதற்கு நேர்மாறான உருவகம்: பேசுபவர் நிறுத்தாமல் அறுக்கிறார், கேட்பவர் அவதிப்படுகிறார். சின்ன விஷயத்தை மணிக்கணக்கில் இழுப்பவருக்கு அதுதான் பொருத்தம்.

சாறு பிழிந்தபின் மிஞ்சுவது சக்கை. சாரமில்லாத கட்டுரையை ‘வெறும் சக்கை’ எனலாம். ஆனால் ‘சக்கைப்போடு போட்டது’ என்றால் அமோக வெற்றி, கவனம்!

‘மந்தம்’ வேகக் குறைவு மட்டுமே. வியாபாரம் மந்தம், செரிமானம் மந்தம். உணவின் சுவைக்கு அதைப் போட்டால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். முகத்துக்கும் விழா வீட்டுக்கும் ‘களையில்லை’, குரலுக்கும் பேச்சுக்கும் ‘சுரத்தில்லை’.

குறை பண்டத்தில் இல்லாமல் நாக்கில் இருந்தால் சொற்களே மாறிவிடும். காய்ச்சலில் ருசி தெரியாதபோது ‘வாய்க்கு விளங்கவில்லை’. பல நாள் ருசியில்லாமல் சாப்பிட்டு, காரசாரமாக எதற்காவது ஏங்கும்போது ‘நாக்கு செத்துப்போச்சு’.

ஒரே பேச்சை நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ‘பேச்சு சப்பென்று முடிந்தது’: எதிர்பார்ப்பு வீண். ‘சுரத்தில்லாமல் பேசினார்’: அவருக்கே ஈடுபாடு இல்லை. ‘புளித்துப்போன பேச்சு’: முன்பே கேட்டது. ‘சரியான அறுவை’: நீளம் தாங்கவில்லை. ‘போர்’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த நான்கும் மறைந்துபோகின்றன.