பாசு ரிக்ரஷனில் குறி மாறி வந்தால் முதலில் பங்கு விலையைப் பாருங்கள்

இந்திய நிறுவனங்களின் தரவில் பாசுவின் 1997 சமன்பாட்டை (கெட்ட செய்தி நல்ல செய்தியைவிட வேகமாக லாபத்தில் பதிவாகிறதா, அதாவது கணக்கியல் கன்சர்வேட்டிசம் இருக்கிறதா என்று அளப்பது) ஓட்டினால், டம்மியையும் (பங்கின் ரிட்டர்ன் எதிர்மறை என்றால் 1, இல்லையென்றால் 0) ரிட்டர்னையும் பெருக்கிய உறுப்பின் கெழு, நேர்மறையாக வர வேண்டியது, எதிர்மறையாக வருகிறது என்கிறீர்கள். கோட்பாட்டைச் சந்தேகிக்க அவசரம் வேண்டாம். போனஸ், ஸ்ப்ளிட்டுக்குச் சரிசெய்யாத விலையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1:1 போனஸுக்குப் பின் 1000 ரூபாய் பங்கு சுமார் 500க்கு வரும். மென்பொருள் அதை −50% ரிட்டர்ன் என்றே எடுத்துக்கொள்ளும். நல்ல லாபமுள்ள நிறுவனம் கெட்ட செய்திப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். சமன்பாட்டில் லாபம் என்பது இபிஎஸ்ஸை (ஒரு பங்குக்கான லாபம்) பங்கு விலையால் வகுத்தது, எனவே இபிஎஸ்ஸும் அதே அடிப்படையில் இருக்க வேண்டும்: போனஸுக்குப் பிந்தைய இபிஎஸ் 30 என்றால் வகுக்க வேண்டியது 500ஆல், 1000 போட்டால் 6% பாதியாகிவிடும்.

அடுத்து, மார்ச்சில் கணக்கு முடிப்பவர்களுக்கு ரிட்டர்ன் ஜூலை முதல் ஜூன் வரை. வகுக்கும் விலை முந்தைய மார்ச் இறுதியுடையது. ஜனவரி–டிசம்பர் எடுத்தால் ஆண்டு முடிவுச் செய்தி தவறிவிடும். 1% வின்சரைஸ் (இரு முனைகளிலும் உள்ள அதீத மதிப்புகளை எல்லைக்குள் கொண்டுவருவது), நிறுவனம், ஆண்டு இரண்டிலும் திட்டப்பிழைகளை கிளஸ்டர் செய்வது, இவை வழக்கமானவை.

குறி சரியானதும் படாடூகாஸ்–தாமஸ் 2011 சோதனையைச் செய்யுங்கள்: இந்த ஆண்டு லாபத்தின் இடத்தில் சென்ற ஆண்டு லாபம். அதிலும் கெழு நேர்மறையாக, பொருட்படுத்தத்தக்கதாக வந்தால் நீங்கள் அளப்பது கன்சர்வேட்டிசம் மட்டுமல்ல. நிறுவன நிலைவிளைவுகளை (ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனி மாறிலி) சேர்த்து பாசு சமன்பாட்டை மறுபடி ஓட்டுங்கள். ஆய்வேட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.