வில்லங்கச் சான்றிதழ் வாங்கிய பேய்

அன்புள்ள ஐயா,

ஆன் ரைஸின் ‘தி விட்சிங் அவர்’ (1990) என்ற ஆங்கில நாவலை வாசித்தேன். 900 பக்கத்துக்கு மேல். மேஃபேர் குடும்பத்தில் 13 தலைமுறைச் சூனியக்காரிகள், அவர்களைத் தொடரும் லாஷர் என்ற ஆவி. ஆரம்பத்தில் இருந்த பயம் நடுவில் காணாமல் போய்விட்டது. 200 பக்கத்தைப் புரட்டித் தள்ளினேன். பேய்க்கதைக்கு இவ்வளவு நீளம் ஆகாதோ? அடுத்த பாகங்களை வாசிக்கலாமா? தமிழில் ஏன் இப்படி எழுதுவதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பந்தியில் பாதியில் எழுந்தவர் பாயசத்தைக் குறை சொல்லக் கூடாது. சரி, போகட்டும். தமிழில் ஏன் இல்லை என்பதெல்லாம் வழக்கமான புலம்பல், விடுங்கள்.

நீளம் அல்ல பிரச்சினை. நியூ ஆர்லியன்ஸில் ஒரு பழைய வீடு. ரைஸ் தானே வாங்கிக் குடியிருந்த வீட்டை வைத்து எழுதியது. அதன் தாழ்வாரத்தில், கம்பிவலைக்குப் பின்னால், மேஃபேர் குடும்பத்துப் பெண் டீர்ட்ரி ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் மரகதம். பெற்ற குழந்தையை அன்றைக்கே பிரித்து அனுப்பிவிட்டு, வருடக்கணக்காக மருந்து கொடுத்து அவளை ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் வீட்டார். பக்கத்தில் ஒருவன் நிற்பதை டாக்டர் பார்க்கிறார். அங்கே எனக்கு முதுகு சில்லிட்டது.

அப்புறம் பேய், ஆவிகளை ஆராயும் தலமாஸ்கா என்ற சங்கம் ஒரு கோப்போடு வந்து சேர்கிறது. 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் குடும்பத்தின் முதல் சூனியக்காரி சுசான் லாஷரை அழைத்தாள், எரிக்கப்பட்டாள், மகள், பேத்தி, கரீபியத் தோட்டம், சொத்து என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிற பேயிடம் யாருக்குப் பயம் வரும்? எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அதுவும் ஒரு பங்காளிதான். கோப்பு திறந்ததும் டீர்ட்ரி நம் கண்ணிலிருந்து மறைகிறாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு சித்தி இருந்தார். காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி மூன்று. “அவளுக்குக் காத்து சேட்டை” என்பார் பாட்டி, அதற்கு மேல் பேச்சு கிடையாது. பிள்ளைகள் நாங்கள் அந்தப் பக்கத்தை ஓடித்தான் கடப்போம். ஒருநாள் பந்து அவர் காலடிக்கு உருண்டுவிட்டது. எடுத்து நீட்டி, “ஸ்கூல் தொறந்தாச்சாடா?” என்றார். அவ்வளவு தெளிவான குரல். நான் பந்தை வாங்காமல் ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த பாகங்களைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 1993இல் ஒன்று, 1994இல் ஒன்று வந்தன. உங்கள் இஷ்டம். முதலில் அந்த 200 பக்கத்தை முடியுங்கள், திட்டுவதற்காகவாவது.