வியட்நாம் மிளகு வந்தால் ஏற்காட்டு மிளகை இப்போதே விற்றுவிடலாமா?

சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றி வளர்த்த மிளகைப் பறித்துக் காயவைத்துவிட்டு, "ஏற்றுமதி செய்யும் நாடு எதற்கு மிளகை இறக்குமதியும் செய்கிறது? விலை விழுமுன் விற்றுவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியிலிருந்து வரும் மிளகில் ஒரு பங்கு உள்ளூர்க் கடைப் பக்கமே வராதுங்க. கொச்சி வட்டார ஆலைகள் அதிலிருந்து ஓலியோரெசின் (மிளகின் காரமும் மணமும் சேர்ந்த கெட்டிச் சாறு) எடுத்து வெளிநாட்டுக்கே அனுப்பிவிடும். ஒரே சரக்கு இறக்குமதி, ஏற்றுமதி இரண்டு கணக்கிலும் ஏறுகிறது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

உறுத்துவது இலங்கை வழிதான். 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகே இலங்கை வேஷம் போட்டு வருகிறது என்று விவசாயிகள் வெகுநாளாகப் புலம்புகிறார்கள். கிலோ 500 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது என்று அரசு வைத்த வேலி இருக்கிறது, சரி. உள்ளூர் விலை 600-ஐத் தாண்டி நிற்கும்போது 500-க்கு இறங்கும் சரக்கும் மலிவுதானே, அந்த வேலியால் என்ன பயன்?

சேலம் லீ பஜார் சந்தைக்கு ஏற்றுமுன் ஒரு லிட்டர் படியில் தலைதட்டி அளந்து எடை போடுங்கள். 550 கிராம் நின்றால் நல்ல மணி; ஈரம் 11 சதவீதத்துக்குள் இருந்தால் தாராளமாக வைத்திருக்கலாம். 500 கிராமுக்குக் கீழே என்றால் காத்திருக்காமல் தள்ளிவிடுங்கள். இறக்குமதிச் சரக்கோடு நேராக மோதுவது அந்தச் சொத்தை மிளகுதான்.